வீட்டுக்கு ஒரு துப்பாக்கி. ஊருக்கு யார் காவல்?

புதுதில்லி: குவாஹாட்டியில் 2025-ஆம் ஆண்டு மே 28-ஆம் தேதி கூடிய அஸ்ஸாம் அமைச்சரவை, பாதுகாப்புக் குறைந்த பகுதிகளிலும் தொலைதூரப் பகுதிகளிலும் வாழும் பூர்வகுடி மக்களுக்குத் துப்பாக்கி உரிமம் வழங்குவதற்கான சிறப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. துப்ரி, நாகோன், மோரிகான், பார்பேட்டா, தெற்கு சல்மாரா-மன்காசர் ஆகிய மாவட்டங்களை முதல்வர் ஹிமந்த விஸ்வ சர்மா பெயர் சொல்லியே குறிப்பிட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இணையவழியாக விண்ணப்பிக்கும் வசதியும் தொடங்கப்பட்டது.

இந்தப் பகுதிகள் பலவற்றில் வங்காள வம்சாவளி முஸ்லிம்களே பெரும்பான்மையினர். அவர்களுக்கிடையே சிறு எண்ணிக்கையில் வாழும் அஸ்ஸாமியக் குடும்பங்களும் பழங்குடிக் குடும்பங்களும் அச்சத்தில் இருக்கின்றன. வங்கதேசத்தில் ஏற்பட்ட மாற்றங்களுக்குப் பிறகு அந்த அச்சம் கூடியிருக்கிறது என்பது மாநில அரசின் வாதம். மக்களுக்குத் தேவை வேலைவாய்ப்பும் மருத்துவ வசதியும்தான், துப்பாக்கி அல்ல என்று காங்கிரஸ் தலைவர் கௌரவ் கோகோய் கண்டனம் தெரிவித்தார். கண்டனமும் பதிலும் வழக்கமான தடத்திலேயே சென்றன. ஆனால், நடைமுறை சார்ந்த ஒரு கேள்வியை இரு தரப்பினரும் எழுப்பவில்லை. நள்ளிரவில் கதவு உடைக்கப்படும் வேளையில், அந்த வீட்டுக்காரரின் கையில் இருக்கும் துப்பாக்கி உண்மையில் என்ன செய்யும், என்ன செய்யாது?

எந்தத் துப்பாக்கி வாங்குவது, எந்தத் தோட்டாவைப் போடுவது என்று உரிமம் பெற்றவர் கடைக்காரரிடம் கேட்பார். கடைக்காரரிடம் அதற்கு விடை உண்டு. உரிமத்தைக் கொடுத்த அரசிடம் கேட்கப்பட வேண்டிய கேள்விகளுக்கு மட்டும் விடை சொல்ல ஆளில்லை.

சட்டம் கைகாட்டும் துப்பாக்கி

இந்தியாவில் வீட்டுப் பாதுகாப்புக்கு என்று ஒருவர் உரிமம் கேட்டால், சட்டம் அவருக்குக் கைகாட்டுவது ரவைத் துப்பாக்கியைத்தான். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, 20 அங்குலத்துக்குக் குறையாத குழலும் உட்புறம் வழவழப்பாகவும் உள்ள துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்கும் குடிமகனுக்குத் தகுதிக் குறைவு ஏதுமில்லையெனில் உரிமம் வழங்க வேண்டும் என்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையும் அதே பிரிவு சேர்த்துக் கொள்கிறது. ரைபிள், கைத்துப்பாக்கி, ரிவால்வர் ஆகியவற்றைக் கேட்பவரோ அதற்குத் தக்க காரணம் காட்டி அதிகாரியை நிறைவு செய்தாக வேண்டும். வட இந்தியக் கிராமங்களில் சுவரில் மாட்டப்பட்டிருக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கிக்குப் பின்னால் இருப்பது இந்தச் சட்ட ஏற்பாடுதான்.

இவற்றில் பெரும்பாலானவை 12 போர் அளவைச் சேர்ந்தவை. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், அந்த உருண்டை ஒன்று நுழையும் அளவுள்ள குழல் என்பது அந்த எண்ணின் பொருள். விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். மேற்கு வங்கத்தின் ஈஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை நெடுங்காலமாக இவற்றைச் செய்து வந்திருக்கிறது. பிகாரின் முங்கேரிலும் ஜம்முவிலும் உரிமம் பெற்ற தனியார் பட்டறைகள் உள்ளன. தோட்டாக்கள் புணே அருகே உள்ள கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்ட பின்னரும், குடிமக்களுக்கான துப்பாக்கி விற்பனையில் அரசே பெரிய உற்பத்தியாளர். அதாவது, உரிமம் கொடுப்பதும் அரசு. துப்பாக்கி விற்பதும் அரசு.

தோட்டாவின் தேர்வு அதைவிடச் சிக்கலானது. எல்.ஜி., எஸ்.ஜி. எனப்படும் வகைகளில் பெரிய ரவைகள் சில மட்டுமே இருக்கும், எஸ்.ஜி. தோட்டா ஒன்றில் ஒன்பது அளவில் இருக்கும். எண்ணிட்ட வகைகளில் எண் கூடக்கூட ரவை சிறிதாகும். பறவை வேட்டைக்கு உருவான ஆறாம் எண் தோட்டாவில் இருநூறுக்கும் மேற்பட்ட சிறு ரவைகள் அடங்கும். பெரிய ரவை ஆளை நிறுத்தும், ஆனால் சுவரைத் துளைத்துக்கொண்டு அப்பாலும் போகும். சிறிய ரவை அவ்வளவு துளைக்காது. ஆனால் ஆளையும் உறுதியாக நிறுத்தாது. பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பல 65 மில்லிமீட்டர் அறை கொண்டவை. அவற்றில் இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டாவைப் போட்டுச் சுடுவது சுடுபவரின் கைக்கே ஆபத்து. தாத்தாவின் துப்பாக்கியைப் பரணிலிருந்து எடுத்துத் துடைத்துப் பேரன் கையில் கொடுக்கும் குடும்பங்களில் எத்தனை பேர் இந்த ஐந்து மில்லிமீட்டர் வேறுபாட்டை அறிவார்கள்?

ரவைத் துப்பாக்கியைப் பற்றி ஊரில் வழங்கும் நம்பிக்கை ஒன்று உண்டு. குறி பார்க்கத் தேவையில்லை, ரவை விரிந்து போய் எதிரில் நிற்பவர் எல்லோரையும் தாக்கும் என்பது அது. திறந்த வயலில் முப்பது நாற்பது மீட்டர் தொலைவில் அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். வீட்டுக்குள் அது முற்றிலும் தவறு. ரவைக் கொத்து மீட்டருக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் என்ற அளவில்தான் விரிகிறது. நான்கு மீட்டர் அறையில் அது ஓர் உள்ளங்கை அகலத்தைத் தாண்டாது. இருட்டில், உறக்கம் கலையாத கண்ணோடு, நடுங்கும் கையோடு குறி பார்த்தே தீர வேண்டும். ஏறத்தாழ முப்பது அங்குலக் குழலைக் குறுகிய நடையில் திருப்புவதும் எளிதன்று. இரண்டு தோட்டாக்கள் தீர்ந்தால் துப்பாக்கியை மடக்கித் திறந்து மீண்டும் போட வேண்டும்.

இதில் அஸ்ஸாமுக்கே உரிய ஓர் இடரும் இருக்கிறது. நிலநடுக்கத்துக்கு அஞ்சி அந்த மாநிலத்தில் வளர்ந்த வீட்டுமுறையில் மரச் சட்டங்களுக்கு இடையே இக்ரா எனப்படும் நாணலைப் பின்னி, மேலே சாந்து பூசுகிறார்கள். கூரை தகரம். கிராமங்களில் மூங்கில் தட்டிச் சுவர்களும் உண்டு. செங்கல் சுவர் தடுத்து நிறுத்தும் எஸ்.ஜி. ரவையை நாணல் சுவர் நிறுத்தாது. முன்னறையில் நிற்கும் திருடனை நோக்கிச் சுட்ட ரவை, பின்னறையில் உறங்கும் குழந்தையிடமோ அடுத்த வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் முதியவரிடமோ போய்ச் சேரலாம். எந்த வீட்டுக்கு எந்தத் தோட்டா பொருந்தும் என்பது சுவரையும் பொறுத்தது. உரிமம் வழங்கும் அதிகாரி விண்ணப்பதாரரின் பூர்விகத்தை ஆராயும் அக்கறையோடு அவரது வீட்டுச் சுவரையும் ஆராய்வாரா?

பூட்டிய பெட்டியும் திறந்த பெட்டியும்

துப்பாக்கியை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், உரிமம் கேட்பவர் ஆயுதத்தைப் பத்திரமாக வைக்கும் ஏற்பாட்டைக் காட்ட வேண்டும் என்றும், கையாளும் பயிற்சி பெற வேண்டும் என்றும் கூறுகின்றன. விதி நல்லது. ஆனால், துப்பாக்கியை ஒரு பெட்டியிலும் தோட்டாவை வேறொரு பெட்டியிலும் வைத்துப் பூட்டினால், கதவு உடையும் அந்த ஒரு நிமிடத்தில் அது கைக்கு வராது. தலையணைக்கு அருகே தோட்டா போட்டபடி வைத்தால் கைக்கு வரும். பிள்ளைகளின் கைக்கும் வரும், குடித்துவிட்டு வரும் மகனின் கைக்கும் வரும், மனமுடைந்த மருமகளின் கைக்கும் வரும். வீட்டுப் பாதுகாப்புக்காக வாங்கிய துப்பாக்கியின் மிகப் பெரிய முரண்பாடு இதுவே. எந்த விலையுயர்ந்த துப்பாக்கியும் இதைத் தீர்த்து வைப்பதில்லை.

அமெரிக்காவின் மூன்று மாவட்டங்களில் நடத்தப்பட்டு 1993-ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, துப்பாக்கி வைத்திருக்கும் வீடுகளில் வீட்டுக்குள்ளேயே ஒருவர் கொலையுண்ணும் அபாயம் ஏறத்தாழ 2.7 மடங்கு அதிகம் என்று கண்டது. அந்தக் கூடுதல் அபாயம் பெரும்பாலும் குடும்பத்தினராலும் நெருங்கிப் பழகியவர்களாலும் வந்தது. அமெரிக்க நிலவரத்தை அப்படியே அஸ்ஸாமுக்குப் பொருத்த முடியாது என்பது சரியே. ஆனால், கோபமும் மதுவும் மனச்சோர்வும் எல்லா நாட்டு வீடுகளிலும் குடியிருக்கின்றன.

உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் திருமண ஊர்வலங்களில் வானத்தை நோக்கிச் சுட்டு மணமகனையும் விருந்தினரையும் பலிகொண்ட துப்பாக்கிகளில் உரிமம் பெற்றவையும் உண்டு. தொல்லை பொறுக்காமல், கொண்டாட்டத்துக்குச் சுடுவதை இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அறிவித்தது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையும் அப்போதுதான் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. ஒன்று போதும் என்பதே மத்திய அரசின் முதல் முன்மொழிவு. நாடாளுமன்றத்தில் துப்பாக்கிகளைக் குறைப்பது பாதுகாப்பு என்று வாதிட்ட கட்சியே இன்று குவாஹாட்டியில் துப்பாக்கியைக் கூட்டுவது பாதுகாப்பு என்கிறது.

சுட்ட பிறகு வரும் சட்டம்

விசையை இழுத்த மறுகணம் வீட்டுக்காரர் வேறொரு உலகத்துக்குள் நுழைகிறார். 2024-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையை வரையறுக்கின்றன. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளே இவை. உயிருக்கோ உடலுக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால், தாக்க வந்தவர் இறக்க நேரும் அளவுக்கும் அந்த உரிமை நீளும். கொள்ளைக்கும், சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நடக்கும் கன்னக்களவுக்கும் அது பொருந்தும். ஆனால், தேவைக்கு மேல் தீங்கு இழைக்கக் கூடாது. அரசு அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமையே எழாது என்கிறது 37-ஆவது பிரிவு.

பஞ்சாபிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2010-ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தந்தையைக் காக்கத் துப்பாக்கியால் சுட்டவரை விடுவித்தது. ஆபத்தின் நடுவே நிற்பவர் தன் எதிர்ப்பைத் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது என்று ஏற்றுக்கொண்டது. தற்காப்பு என்பது பழிவாங்கும் உரிமை ஆகாது என்றும் தெளிவுபடுத்தியது. அந்தச் சம்பவம் நடந்தது 1991-இல். இடைப்பட்ட ஆண்டுகள் முழுவதும் அந்தக் குடும்பம் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கியது. சட்டம் அவர் பக்கம் இருந்தும் இந்த நிலை. ஆடு திருடி ஓடுபவனின் முதுகில் சுட்டவருக்கு, அந்த அச்சம் நீங்கிவிட்ட நிலையில், சட்டத்தின் கேடயமும் நீங்கிவிடும்.

உரிமம் வழங்கிய அரசு அந்த நாளில் அவருக்கு அரசுத் தரப்பாக எதிரில் நிற்கும். வழக்கறிஞர் செலவும் பிணையும் பறிமுதலான துப்பாக்கியும் அவர் தலையில் விழும். காவல் பணியைக் குடிமகனிடம் ஒப்படைத்த அரசு, அதன் பொறுப்பில் மட்டும் பங்கு கொள்வதில்லை.

குடிமகனா, குலமா?

துப்பாக்கி உரிமத்தின் வரலாறு இந்நாட்டின் அரசியல் வரலாற்றோடு பின்னிக் கிடப்பது. 1857-க்குப் பிறகு மக்களின் ஆயுதங்களைக் களைந்த ஆங்கிலேய ஆட்சி, லிட்டன் பிரபு காலத்தில் 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைக் கொண்டு வந்தது. இந்தியர் உரிமம் பெற வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. பிறப்பை வைத்து நம்பகத்தன்மையை அளந்த சட்டம் அது. அதனால்தான் அது தேசிய இயக்கத்தின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. 1931-ஆம் ஆண்டு கராச்சி காங்கிரஸின் அடிப்படை உரிமைகள் தீர்மானத்தில், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் இடம்பெற்றது. அதை அரசமைப்பில் சேர்க்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு டிசம்பரில் அரசமைப்பு நிர்ணய சபையில் எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. சபையும் ஏற்கவில்லை.

குடியரசு தேர்ந்துகொண்ட வழி நடுவழி. ஆயுதம் அடிப்படை உரிமை ஆகாது. ஆனால், தேவை உள்ள குடிமகனுக்கு மறுக்கப்படவும் கூடாது. சொத்து இல்லை என்ற காரணத்தை மட்டும் காட்டி உரிமம் மறுக்கக் கூடாது என்று 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு சொல்கிறது. பண்ணையாருக்கு ஒரு நீதி, குத்தகைதாரருக்கு ஒரு நீதி என்பது கூடாது என்ற எண்ணம் அதில் தெரிகிறது. உரிமம் என்பது ஒவ்வொரு தனி மனிதரின் தேவையையும் தகுதியையும் நடத்தையையும் தனித்தனியே எடைபோட்டு வழங்கப்படுவது. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில், உரிமமற்ற துப்பாக்கிகள் பெருகுவதைத் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்த உச்ச நீதிமன்றமும், அமெரிக்காவைப் போல இங்கே ஆயுதம் அடிப்படை உரிமை அல்ல என்பதை நினைவூட்டியது.

அஸ்ஸாம் திட்டம் இந்த அடித்தளத்தை அசைக்கிறது. அச்சுறுத்தல் உள்ள எவரும் விண்ணப்பிக்கலாம் என்று அது சொல்லியிருந்தால் யாருக்கும் குறை இருக்க முடியாது. பூர்வகுடியாக இருக்க வேண்டும் என்கிறது அது. பூர்வகுடி யார் என்பதற்கு அந்த மாநிலத்தில் அனைவரும் ஏற்கும் சட்ட வரையறை கிடையாது. 1985-ஆம் ஆண்டு அஸ்ஸாம் உடன்பாட்டின் ஆறாவது பிரிவு யாரைக் காக்கிறது என்பதே நாற்பது ஆண்டுகளாகத் தீராத விவாதம். அதே ஊரில், அதே ஆற்றங்கரையில், அதே கொள்ளையருக்கு அஞ்சி வாழும் இரு குடிமக்களில் ஒருவருக்குத் துப்பாக்கி, மற்றவருக்குக் கிடையாது என்று ஆகும்போது, அந்தத் துப்பாக்கி யாரை நோக்கி நீட்டப்படுகிறது என்று இரண்டாமவர் கேட்காமல் இருப்பாரா?

கர்நாடகத்தின் குடகில் கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் உடையோருக்கும் உரிம விலக்கு இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆங்கிலேயர் காலத்து அந்த விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது; 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. ஆனால், அங்கே துப்பாக்கி பிறப்பிலும் இறப்பிலும் பண்டிகையிலும் இடம்பெறும் மரபுப் பொருள். அண்டை வீட்டாருக்கு எதிரான காவலாக அது வழங்கப்படவில்லை.

அஸ்ஸாம் அரசு பட்டியலிட்ட மோரிகான் மாவட்டத்தில்தான் நெல்லி இருக்கிறது. 1983-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் தேதி காலை தொடங்கிச் சில மணி நேரத்தில் அங்கும் சுற்றுக் கிராமங்களிலும் கொல்லப்பட்டவர்கள், அரசுக் கணக்கின்படியே 1,819 பேர். பெரும்பாலோர் வங்காள வம்சாவளி முஸ்லிம்கள். அவர்களில் மிகுதியானவர்கள் பெண்களும் குழந்தைகளும். குற்றப்பத்திரிகை தாக்கலான வழக்குகளும் 1985 உடன்பாட்டுக்குப் பின் கைவிடப்பட்டன. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அச்சம் ஒரு தரப்புக்கு மட்டும் சொந்தமானது அல்ல என்பதற்கு அந்த வயல்வெளியே சாட்சி. அங்கே ஒரு சாராரின் கையில் மட்டும் அரசு முத்திரையுடன் துப்பாக்கி தரப்பட்டால், மறுசாரார் கள்ளச் சந்தையைத் தேடிப் போவதற்கு வெகுநாள் ஆகாது. முங்கேரின் கள்ளப் பட்டறைகள் உரிமம் கேட்பதில்லை.

முன்னே நடந்த மூன்று பாடங்கள்

மக்களிடம் ஆயுதம் தருவது எப்போதும் வீண் என்று சொல்வதும் நேர்மையாகாது. ஜம்முவின் மலைக் கிராமங்களில் 1995 முதல் கிராமப் பாதுகாப்புக் குழுக்களுக்கு .303 ரைபிள்கள் வழங்கப்பட்டன. 2023-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி மாலை ரஜௌரி மாவட்டத்தின் டாங்ரி கிராமத்தில் பயங்கரவாதிகள் வீடு வீடாகச் சென்று சுட்டபோது, குழு உறுப்பினர் ஒருவர் தம் பழைய ரைபிளால் திருப்பிச் சுட்டதும் அவர்கள் ஓடினர் என்று கிராமத்தார் கூறினர். அந்தத் தாக்குதலிலும், மறுநாள் காலை வெடித்த குண்டிலுமாக ஏழு உயிர்கள் போயின. அந்த ஒருவர் இல்லையெனில் எண்ணிக்கை கூடியிருக்கும். ஆனால், அங்கே குழு காவல்துறையின் கீழ் இயங்கியது. எதிரி எல்லை தாண்டிய பயங்கரவாதி. அப்படியிருந்தும் பல உறுப்பினர்கள் மீது கொலை உள்ளிட்ட வழக்குகள் பதிவாயின என்பதையும் மறைக்க முடியாது.

இரண்டாவது பாடம் சத்தீஸ்கரிலிருந்து வந்தது. மாவோயிஸ்டுகளை எதிர்க்க 2005-இல் தொடங்கிய சல்வா ஜுடூம் இயக்கத்தையும், பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவல் அலுவலர்கள் என்ற பெயரில் ஆயுதபாணிகளாக்கிய முறையையும் 2011-ஆம் ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அரசமைப்புக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. நீதிபதிகள் பி. சுதர்சன் ரெட்டியும் எஸ்.எஸ். நிஜ்ஜாரும் வழங்கிய அந்தத் தீர்ப்பின் சாரம் எளியது: மக்களைக் காக்கும் கடமையை அரசு அந்த மக்களின் தலையிலேயே ஏற்றிவிட முடியாது.

மூன்றாவது பாடம் மணிப்பூர். 2023-ஆம் ஆண்டு மே மாதம் வெடித்த இனமோதலில் காவல்துறைக் கிடங்குகளிலிருந்து ஏறத்தாழ 6,000 துப்பாக்கிகள் சூறையாடப்பட்டன. ஊர்க்காவல் என்ற பெயரில் பதுங்குகுழிகளுக்குள் இளைஞர்கள் உட்கார்ந்தனர். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்து, ஆளுநர் கெடு விதித்த பின் ஆயிரம் அளவில் துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டன. மக்களிடையே ஆயுதம் பரவ ஒரு வாரம் போதுமானதாக இருந்தது; அதைத் திரும்பப் பெறுவதோ ஆண்டுகளை விழுங்கியது. அஸ்ஸாமுக்கு மணிப்பூர் அண்டை மாநிலம்.

எண்ணிக்கை சொல்லும் செய்தி

2016-ஆம் ஆண்டு இறுதி நிலவரப்படி நாட்டில் ஏறத்தாழ 33.7 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் இருந்தன. அவற்றில் 12.7 லட்சத்துக்கும் மேற்பட்டவை உத்தரப் பிரதேசத்தில். தமிழகத்தில் இருந்தவையோ 22,500 அளவே. துப்பாக்கியின் எண்ணிக்கைதான் வீட்டுக்குப் பாதுகாப்பு என்றால், இந்நாட்டில் மிகவும் அச்சமின்றி உறங்குபவர்கள் உத்தரப் பிரதேச மக்களாகவும், இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் தமிழக மக்களாகவும் இருக்க வேண்டும். நிலைமை அப்படி இல்லை என்பதை விளக்கத் தேவையில்லை.

அடுத்த இடத்தில் இருந்தது 3.7 லட்சம் அளவு உரிமங்களுடன் ஜம்மு-காஷ்மீர். அங்கே 2012 முதல் 2016 வரை 2.78 லட்சத்துக்கும் மேற்பட்ட உரிமங்கள் பணத்துக்காக முறைகேடாக வழங்கப்பட்டன என்பது மத்தியப் புலனாய்வுத் துறையின் குற்றச்சாட்டு. இந்திய ஆட்சிப் பணி அதிகாரிகளே கைது செய்யப்பட்டனர். சிறப்புத் திட்டம், தளர்ந்த நெறிமுறை, உள்ளூர் அதிகாரியின் விருப்புரிமை ஆகிய மூன்றும் சேர்ந்தால் உரிமம் விற்பனைச் சரக்காகும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

தில்லியில் 2012-ஆம் ஆண்டு டிசம்பரில் ஓடும் பேருந்தில் நடந்த கொடுமை நாட்டை உலுக்கிய பிறகு, 2014-ஆம் ஆண்டு ஜனவரியில் கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை பெண்களுக்கென்றே அரைக் கிலோ எடையில் நிர்பீக் என்ற ரிவால்வரை வெளியிட்டது. விலை ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல். அந்தப் பேருந்தில் ஏறிய மாணவியின் குடும்பத்தால் அதை வாங்கியிருக்க முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. காவல் தவறிய இடத்தில் ஆயுதத்தை விற்பனைக்கு வைப்பது அன்றே தொடங்கிவிட்டது.

அரசு செய்ய வேண்டியது

2020-ஆம் ஆண்டு ஜனவரி நிலவரப்படி லட்சம் பேருக்கு 195 காவலர் என்று அனுமதிக்கப்பட்ட இந்நாட்டில் பணியில் இருந்தவர்கள் 155 அளவே. ஆற்றுத்தீவுகளும் வெள்ளமும் சாலையின்மையும் சூழ்ந்த துப்ரியிலும் தெற்கு சல்மாராவிலும் அந்தப் பற்றாக்குறையின் வலி இன்னும் கூர்மையானது. படகில் ஏறி, நடந்து, காவல் நிலையம் சேர அரை நாள் பிடிக்கும் ஊரில் ஒரு குடும்பம் துப்பாக்கி கேட்டால், அந்தக் கேட்பைக் கேலி செய்ய நகரத்தில் வாழ்பவர்களுக்கு உரிமை கிடையாது. அச்சம் உண்மையானது. அதற்கு அரசு தரும் மருந்துதான் பொருந்தாதது.

உண்மையான அச்சுறுத்தல் உள்ளவருக்கு உரிமம் தரப் பழைய சட்டமே போதும். அதற்கு இனமோ மதமோ மொழியோ அளவுகோலாக வேண்டியதில்லை. அப்படி வழங்கப்படும் ஒவ்வொரு உரிமத்துக்கும் பயிற்சிச் சான்று காகிதத்தில் மட்டுமின்றிக் களத்திலும் இருக்க வேண்டும். வீட்டின் அமைப்பு, துப்பாக்கி வைக்கும் இடம், வாங்கும் தோட்டாவின் வகை, வீட்டில் வன்முறைப் புகாரோ தற்கொலை முயற்சியோ இருந்ததா என்பதெல்லாம் ஆராயப்பட வேண்டும். எந்தச் சமூகத்தினர் எத்தனை பேர் விண்ணப்பித்தனர், எத்தனை பேருக்குக் கிடைத்தது, எத்தனை பேருக்கு எந்தக் காரணத்தால் மறுக்கப்பட்டது என்ற விவரத்தை மாநில அரசு சட்டப்பேரவையில் ஆண்டுதோறும் வைக்க வேண்டும். ஒளிக்க ஏதுமில்லை என்றால் இதில் தயக்கத்துக்கும் இடமில்லை.

அதற்கு முன்னதாக, பட்டியலிட்ட ஒவ்வொரு பகுதியிலும் புறக்காவல் நிலையமும் ஆற்று ரோந்துப் படகும் இரவுப் பணிக் காவலரும் எத்தனை என்பதையும் அரசு சொல்ல வேண்டும். அவற்றை அமைக்காமல் உரிமத்தை மட்டும் நீட்டுவது, வெள்ளத்தில் தவிப்பவரிடம் அணை கட்டாமல் ஆளுக்கொரு மண்வெட்டி கொடுப்பதைப் போன்றது.

தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வரும்போதெல்லாம், உரிமம் பெற்ற துப்பாக்கிகளைப் பரிசீலித்துக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் செய்வது இந்நாட்டு வழக்கம். மக்கள் ஒருவரையொருவர் எதிர்த்து நிற்கும் வேளையில் துப்பாக்கி வீட்டில் இருப்பது ஆபத்து என்பதை அரசே அறிந்திருக்கிறது என்பதே அதன் பொருள். வாக்குப்பதிவு வாரத்தில் ஆபத்தாகத் தெரியும் துப்பாக்கி, மற்ற நாள்களில் எப்படிப் பாதுகாப்பாகிவிடும் என்பதை அஸ்ஸாம் அரசு விளக்கியாக வேண்டும். நாணல் சுவருக்கு இருபுறமும் உறங்குபவர்கள் அந்த விளக்கத்துக்கு உரியவர்கள்.